ஜனாதிபதி வீடும் எங்க லைன் வீடும்

டிசம்பர்ல ஊருக்குப் போறதுன்னு முடிவாயிடுச்சு. மூணு வருஷம் கழிச்சுப் போறோம். டிக்கெட் போட்டாச்சு, ஆபீஸ்ல லீவும் சொல்லியாச்சு. எந்த ஊர்ல எத்தனை நாள்ங்கிற பஞ்சாயத்து மட்டும்தான் பாக்கி. அந்தப் பஞ்சாயத்துலதான் இந்தப் பதிவே பொறந்துச்சு. கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்கங்க.

ஆரம்பிச்சு வச்சது என் பொண்ணு. ஏழாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்துல சொவெட்டோவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. விலகாசி தெரு, 8115-ஆம் நம்பர் வீடு. 1946-லேர்ந்து 1962-ல கைதாகிற வரைக்கும் நெல்சன் மண்டேலா குடியிருந்த வீடு. ஜோஹன்னஸ்பர்க் வர்ற எல்லாரும் போய்ப் பாக்கிற இடம்தான், நானும் ரெண்டு தடவை விருந்தாளிகளைக் கூட்டிட்டுப் போயிருக்கேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஷூவைக் கூடக் கழட்டாம கேக்கிறா: "இந்தியாவுல இந்த மாதிரி பிரசிடென்ட் வீடு இருக்காப்பா?"

தங்கமணிக்கு ஊர் பரமக்குடி. விடுவாங்களா? "இல்லாம என்ன? அப்துல் கலாம் வீடு ராமேஸ்வரத்துல இருக்கு. எங்க ஊர்லேர்ந்து ரெண்டே மணி நேரம்"னு சொல்லி, அன்னிக்கு ராத்திரியே எக்செல்ல பிளான் போட்டுட்டாங்க. பெங்களூர் ரெண்டு நாள், பரமக்குடி ஆறு நாள், ராமேஸ்வரம் ரெண்டு நாள். கடைசி வரியில "தங்கவயல் - அரை நாள்".

ஏன் அரை நாள்னு கேட்டேன்.

"உங்க ஊர்ல பாக்க என்னங்க இருக்கு? மாமாவைப் பாக்கணும், அவ்ளோதானே? அவரையும் வண்டியில ஏத்திக்கிட்டு, குப்பம் வழியா கிருஷ்ணகிரியைப் புடிச்சா ராத்திரிக்குள்ள மதுரை. மாமாவும் ராமேஸ்வரம் பாத்த மாதிரி ஆச்சு."

கோவம் வந்துச்சு. அவங்க மேல இல்ல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல "எங்க ஊர்ல என்ன இருக்கு, வெறும் சயனைடு மேடு"ன்னு அவங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே. இங்க ஆபீஸ்ல யாராவது கேட்டா "பெங்களூர் பக்கம்"னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன். 2018-க்கு அப்புறம் அந்த வசதியும் போச்சு. "கே.ஜி.எஃப்பா? அந்தப் படமா?"ன்னு கேக்கிறான். ஆமாய்யா, அந்தப் படம்தான். மீசை வச்ச ஒருத்தன் சுத்தியலால அடிக்கிற ஊரு.

நிற்க. கலாம் வீட்டு மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. 1931-ல அந்த ஊர்ல பொறந்தவர். 2002-லேர்ந்து 2007 வரைக்கும் ராஷ்டிரபதி பவன்ல இருந்தவர். அந்தக் குடும்பம் தன் வீட்டு மாடியை ஜனங்க வந்து பாக்கத் திறந்து வச்சிருக்கு. அவர் 2015-ல இறந்த பிறகு பேக்கரும்புல அடக்கம் பண்ணாங்க. சரியா ரெண்டு வருஷம் கழிச்சு, 2017 ஜூலை 27-ல அங்க பெரிய நினைவிடமும் திறந்தாச்சு. போகத்தான் போறோம். என் பொண்ணு பாக்கணும்.

என் சண்டை, நாம அந்த வீட்டுக்குள்ள எதைத் தேடிப் போறோம்ங்கிறதுல.

யாரை வேணா கேட்டுப் பாருங்க, "குடிசையில பொறந்து ஜனாதிபதி ஆனவர்"ம்பாங்க. அவரே 'அக்னிச் சிறகுகள்'ல தெளிவா எழுதியிருக்கார்: அது பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுவுல கட்டின பூர்வீக வீடு, சுண்ணாம்பும் செங்கல்லும் வச்சுக் கட்டின, ஓரளவு பெரிய வீடு. பேப்பர் போட்ட கதை உண்மை, கஷ்டம் உண்மை, குடிசை மட்டும் நாம சேர்த்தது. இன்னிக்குப் போறவங்க கண்ணுல படறதும் அடுக்கு வீடுதான். ஆனாலும் திரும்பி வந்து குடிசைக் கதையைத்தான் பிள்ளைங்களுக்குச் சொல்றோம்.

ஏன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். ஏழை வீட்டை நமக்கு ஒரே ஒரு மாதிரிதான் பாக்கத் தெரியும். வெற்றிக் கதையோட முதல் அத்தியாயமா. ஒருத்தர் அந்த வீட்டை விட்டுப் போய் பெரிய ஆளா வந்தா, அது நினைவகம். யாரும் போகலைன்னா, அங்கேயே பொறந்து அங்கேயே வேலை செஞ்சு அங்கேயே இருமி இருமிச் செத்தா, அது வெறும் வீடு. இடிக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

இப்ப எங்க வீட்டுக்கு வரேன். கொசுவர்த்தி கொஞ்சம் சுத்தும், மன்னிக்கணும்.

சாம்பியன் ரீஃப் பக்கம், ஒட்டி ஒட்டி வரிசையாக் கட்டின லைன்ல ஒரு வீடு. பத்துக்குப் பத்து ஒரே ரூம், முன்னாடி ஒரு சாய்ப்பு. மூங்கில் தட்டி மேல மண்ணு பூசின சுவரு. பக்கத்து வீட்டுல இருமினா நம்ம வீட்டுல தண்ணி மோந்து குடுக்கலாம், அப்படி ஒரு சுவரு. தண்ணிக்கு லைன் கடைசியில ஒரு குழாய். குடியாத்தம் பக்கத்துலேர்ந்து பஞ்சம் பொழைக்க வந்த எங்க தாத்தாவுக்கு மைன்ஸ்ல குடுத்த வீடு. நைனா, பெரியப்பா, சித்தப்பா மூணு பேரும் அண்டர்கிரவுண்ட். மூணு பேருக்கும் மூணு ஷிஃப்ட்டு. வீட்டுல கட்டில் ஒண்ணுதான். ஒருத்தர் எழுந்துபோன சூடு ஆறறதுக்குள்ள அடுத்தவர் வந்து படுப்பார். எங்க பாட்டி அந்தக் கட்டிலை "அது தூங்கி நான் பாத்ததே இல்ல"ன்னு சொல்லும்.

சங்கு ஊதினா ஷிஃப்ட்டு. நேரம் கெட்ட நேரத்துல தரை குலுங்கிப் பாத்திரம் உருண்டா ஏர்பிளாஸ்ட். மூணு கிலோமீட்டருக்கும் கீழ, அறுபது டிகிரிக்கு மேல கொதிக்கிற பாறை தன் எடை தாங்காம வெடிக்கிறது. எங்க ஊர் குழந்தைங்களுக்கு பூகம்பம்னு தனியா ஒண்ணு தெரியாது. தரை குலுங்கினதும் பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட்டுக்கு ஓடுவாங்க. கேஜ்ல யார் ஏறி வர்றான்னு பாக்க. எங்க அம்மா ஓடி நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் நைனா நடந்துதான் வந்தார். பெரியப்பா ஏர்பிளாஸ்ட்ல போகல. நெஞ்சுல தூசி கட்டி, ஐம்பத்தி ரெண்டு வயசுல, அதே கட்டில்ல உக்காந்தபடி போனார், படுத்தா மூச்சு வராது. இந்தியாவுல சிலிகோசிஸ்னு ஒரு நோய் இருக்குன்னு முதல்முதலா 1947-ல பதிவானதே எங்க ஊர்லதான்னு நான் ரொம்பப் பின்னாடிதான் படிச்சேன்.

"பாக்க என்ன இருக்கு"ன்னா, இதையெல்லாம் எங்கன்னு காட்டறது?

கரண்ட்டு கதை ஒண்ணு இருக்கு. சிவசமுத்திரத்துல காவிரித் தண்ணியில கரண்ட்டு எடுத்து, கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902-ல தங்கவயலுக்குக் கொண்டு வந்தாங்க. பெங்களூர் தெருவுல விளக்கு எரிஞ்சது 1905-ல. "மினி இங்கிலாந்து"ன்னு பேரு. கிளப்பு, கோல்ஃப், பங்களா, எல்லாம் இருந்துச்சு. எங்க பாட்டி வீட்டுல மட்டும் ரொம்ப வருஷத்துக்கு சிம்னி விளக்குதான். மெஷினுக்குப் போன கரண்ட்டு மெஷின் ஓட்டினவன் வீட்டுக்கு வர ஏன் அவ்ளோ நாளாச்சு?

இன்னொண்ணு. அந்த இருட்டு லைன்லதான் ஜனங்க படிச்சாங்க. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல சென்னையில ஆரம்பிச்ச 'தமிழன்' பத்திரிகை அவருக்கப்புறம் நின்னுபோய், 1926-ல திரும்ப உயிர்பெற்று வந்தது தங்கவயல்லேர்ந்துதான். நடத்தினவர் ஜி. அப்பாதுரையார். மாரிக்குப்பத்துல பௌத்த சங்கம், சாம்பியன் ரீஃப்ல சித்தார்த்த புத்தகசாலை. நாட்டுல பாதிப் பேருக்கு பௌத்தம்னா என்னன்னே தெரியாத காலத்துல, பாறை உடைச்சுட்டு வந்த கையால புத்தகம் புரட்டியிருக்காங்க. 1930-ல கைரேகை வைக்கச் சொன்னப்ப "நாங்க என்ன குற்றவாளியா?"ன்னு வேலையை நிறுத்தியிருக்காங்க. 1965-ல அதே சுரங்கத்துக்குள்ள, ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ, விஞ்ஞானிங்க வானத்துலேர்ந்து வர்ற நியூட்ரினோவைப் புடிச்சாங்க. அவங்களைக் கீழ இறக்கிவிட்ட கேஜ்காரன் வீடு எங்க? கலாம் விஞ்ஞானின்னு என் பொண்ணுக்குத் தெரியும். இது தெரியாது. நான் சொன்னதில்ல.

120 வருஷத்துல சுமார் 800 டன் தங்கம் வெளிய வந்திருக்கு. 2001 பிப்ரவரி 28-ல மைன்ஸை மூடினாங்க. அப்புறம் எங்க ஜனம் விடிகாலை ரயில்ல பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புற ஜனமாச்சு. மிச்சம் இருக்கிறது மூணு கோடி டன்னுக்கு மேல சயனைடு மண்ணு. ஆடிக் காத்துல அது சோத்துல விழும். அந்த மண்ணுல இன்னும் ஒட்டியிருக்கிற தங்கத்தை எடுக்கலாம்னு 2024-ல கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் குடுத்துடுச்சு. மண்ணுக்குக் கூட மதிப்பு போட்டாச்சு பாருங்க. லைன் வீட்டுக்கு யாரும் போடல.

இப்ப நம்ம நண்பர்கள் கிட்ட வரேன். ஸ்கூல் செட் வாட்சப் குரூப்ல அப்பப்ப ஒரு யோசனை கிளம்பும்: "மச்சி, படத்தை வச்சு டூரிசம் பண்ணலாம். ஷாஃப்ட்டுல கொஞ்ச தூரம் கேஜ்ல இறக்கி விடலாம், தங்கம் உருக்கிக் காட்டலாம், சயனைடு மேட்டுல பைக் ரேஸ் விடலாம்." இருநூறு லைக்கு.

எனக்கு இது புதுசில்ல. நான் இருக்கிற ஊரும் தங்கம் தோண்டின ஊரு. என் ஆபீஸ் ஜன்னல்லேர்ந்து பாத்தா மஞ்சளா மண்மேடு. முதல் நாள் அதைப் பாத்துட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன், எங்க ஊரைப் பேத்துக் கொண்டாந்து வச்ச மாதிரி. இங்கயும் கிரவுன் மைன்ஸ்ங்கிற பழைய சுரங்கத்து மேல கோல்டு ரீஃப் சிட்டின்னு ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கு. ரோலர்கோஸ்டர், பாப்கார்ன், கேசினோ, நடுவுல சுரங்கத்துக்குள்ள ஒரு சுத்து. குழந்தைங்களுக்குப் புடிக்கும். வெளிய வரும்போது அங்க வேலை செஞ்சவன் எங்க படுத்தான், எப்படிச் செத்தான்னு ஒண்ணும் மனசுல ஒட்டியிருக்காது.

ஆனா அதே ஊர்ல நியூட்டவுன்ல இன்னொரு இடம் இருக்கு. தொழிலாளர் அருங்காட்சியகம். கிராமத்துலேர்ந்து வந்த கறுப்பினத் தொழிலாளிங்களை நகராட்சி அடைச்சு வச்ச கொட்டடி. முன்னூறு பேருக்கு மேல இருந்த இடம். காங்கிரீட்டுல வார்த்த படுக்கை, வரிசை வரிசையா. தண்டனைக்குப் பூட்டி வைக்கிற ரூம். எதையும் அழகுபடுத்தல, அப்படியே வச்சிருக்காங்க. அதுல படுத்தவன் எவனும் ஜனாதிபதி ஆகல. அதனாலதான் வச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

மண்டேலா வீட்டையே எடுத்துக்கங்க. தகரக் கூரை, சிமெண்ட் தரை, பின்னாடி வாளிக் கக்கூஸ். அந்தத் தெருவுல, அந்தப் பகுதியில ஆயிரக்கணக்கான வீடு அதே அச்சுதான். தீப்பெட்டி வீடுன்னே பேரு. அந்த வாசல்ல நின்னா அவரை மட்டும் பாத்துட்டு வர முடியாது, பக்கத்து வீட்டுக்காரனும் கண்ணுல விழுவான். ராமேஸ்வரத்துல நாம அப்படியா பாக்கிறோம்? அந்தத் தெருவுல படகு கட்டினவங்க, சங்கு வித்தவங்க, 1964 புயல்ல தனுஷ்கோடியோட எல்லாம் போனவங்க, இவங்களுக்கு என்ன இருக்கு? செல்ஃபி எடுத்துட்டுத் திரும்பிடறோம்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வருவோம். அதுல பலமானது குரூப்லேர்ந்து வரல, நைனா கிட்டேருந்து வந்துச்சு. போன ஞாயித்துக்கிழமை போன்ல இதைச் சொன்னேன். லைன் வீடு ஒண்ணை அப்படியே வச்சுக் காப்பாத்தணும் நைனா, அரசாங்கத்துக்கு எழுதணும்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அப்புறம், "இன்னாத்துக்குடா? அந்த வூட்டுலேர்ந்து வெளிய வர்றதுக்குத்தான் அவ்ளோ பாடு பட்டது. அதையே வச்சு டிக்கெட்டு போட்டுக் காட்டப் போறியா? மழை பேஞ்சா உங்கம்மா சட்டியைத் தூக்கிக்கினு சுத்தினதையா காட்டப் போற?"

எனக்குப் பதில் வரல. அவரே தொடர்ந்தார். "அதுவும் நீதானடா இடிச்ச."

ஆமா. நான்தான் இடிச்சேன். 2009-ல, வெளிநாட்டுல கைக்கு வந்த முதல் பெரிய காசுல. தட்டிச் சுவரை எடுத்துட்டு ஹாலோ பிளாக், மேல தளம், தரைக்கு டைல்ஸ். கட்டில் பழசா இருக்குன்னு யாருக்கோ தூக்கிக் குடுத்துட்டேன். நைனா ஷிஃப்ட்டுக்கு எடுத்துட்டுப் போற பித்தளை டோக்கன் ஆணியில தொங்கிட்டு இருந்துச்சு, அது எங்க போச்சுன்னே தெரியல. பழைய வீட்டை ஒரு போட்டோ கூட எடுக்கல. புது வீட்டுக்கு மட்டும் நாப்பது போட்டோ இருக்கு. மத்தவனை நோக்கி விரல் நீட்டுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடணும்னுதான் எழுதறேன்.

இடிச்சது தப்புன்னு நான் சொல்ல வரல. அம்மாவுக்குக் கடைசி ஆறு வருஷம் ஒழுகாத வீடு கிடைச்சுது. இன்னிக்கும் லைன்ல இருக்கிறவங்க அத்தனை பேருக்கும் பட்டா கிடைக்கணும், அவங்க வீட்டை அவங்க இஷ்டத்துக்கு இடிச்சுக் கட்டணும். ஏழ்மையில இருக்கிறவனை அப்படியே இரு, நான் வந்து பாக்கணும்னு சொல்றது அயோக்கியத்தனம். நான் கேக்கிறது வேற. ஆளில்லாம பூட்டிக் கிடக்கிற, கூரை பாதி போன வரிசைங்க இன்னும் இருக்கு. அதுல ஒரே ஒரு வரிசை. பத்து வீடு. பொதுக் குழாயும் பொதுக் கக்கூஸும் சேத்து.

நைனாவுக்கு அப்ப சொல்லத் தெரியாத பதிலை இப்ப எழுதறேன், அவர் இதைப் படிக்க மாட்டார், என் தங்கச்சி படிச்சுச் சொல்லும். அந்த வீட்டை வச்சா அது நம்ம அவமானம் இல்ல நைனா. அது கணக்குச் சீட்டு. ஒரு பக்கம் 800 டன்னு, இன்னொரு பக்கம் பத்துக்குப் பத்து. முதல் பக்கத்துக்குச் சாட்சி நிறைய இருக்கு. ரெக்கார்டு இருக்கு, பங்களா இருக்கு, கிளப்பு இருக்கு, சினிமா இருக்கு. ரெண்டாவது பக்கத்தைத்தான் நாமளே ஹாலோ பிளாக் வச்சு அடைச்சுக்கிட்டு வரோம். கடைசி தட்டிச் சுவரும் விழுந்த அன்னிக்கு, அங்க மீசைக்காரன் மட்டும்தான் இருந்தான்னு எவன் சொன்னாலும் மறுக்க ஒண்ணும் இருக்காது. 2024-ல 'தங்கலான்' வந்தப்ப வட ஆற்காட்டு ஜனம்தான் தோண்டுச்சுன்னு ஊருக்கே ஞாபகம் வந்துச்சு. நல்லதுதான். ஆனா எத்தனை நாளைக்கு சினிமாக்காரன் தயவுல இருக்கிறது?

"பராமரிக்கக் காசு?"ன்னு கேப்பாங்க. ஒரு தலைவருக்கு மணிமண்டபம் கட்டற காசுல இதை எத்தனை வருஷம் வச்சிருக்கலாம்னு யாராவது கணக்கு தெரிஞ்சவங்க போட்டுச் சொல்லுங்க. இங்க கண்ணாடிப் பெட்டி வேண்டாம், ஏசி வேண்டாம், வெண்கலச் சிலை சத்தியமா வேண்டாம். ஒரு கட்டில், ஒரு சிம்னி விளக்கு, சுவத்துல அம்பேத்கர் படம், பக்கத்து வீட்டுல மாதா படம், அதுக்கடுத்த வீட்டுல முருகன். வேலையை விட்டு வந்த பெரியவங்க ரெண்டு பேர் சம்பளத்துக்கு உக்காந்து கதை சொன்னாப் போதும். அவங்களுக்கெல்லாம் இப்ப எழுபது, எழுபத்தஞ்சு வயசு. நிறைய பேருக்கு மூச்சு இழுக்குது.

பிளான் மாறியிருக்கு. தங்கவயல் மூணு நாள். பரமக்குடி ஒரு நாள் குறைஞ்சுது, அதுக்கு நான் குடுத்த விலை தனிப் பதிவு :-) ராமேஸ்வரம் அப்படியே. புதுப் பாம்பன் பாலத்துல ரயில்ல போகணும்னு பொண்ணு அடம், அதனால மதுரையிலேர்ந்து ரயில். நைனா ராமேஸ்வரம் வரலைன்னுட்டார். ஆனா நேத்து அவரே போன் பண்ணி, பாப்பாவைக் கூட்டிக்கினு வா, நம்ம லைனுக்குப் பின்னாடி மூணாவது லைன்ல ஒரு வூடு இன்னும் பழைய தட்டியோட நிக்குது, சாவி யார் கிட்ட இருக்குதுன்னு விசாரிச்சு வைக்கிறேன்னார்.

தங்கவயல்காரங்க யாராவது இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள். வீட்டுல பழைய டோக்கன், தொப்பி லைட்டு, சம்பளச் சீட்டு, லைன் வாசல்ல நின்னு எடுத்த கல்யாண போட்டோ இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. டிசம்பர் 14-லேர்ந்து 16 வரைக்கும் ஊர்லதான் இருப்பேன். நேர்ல வந்து பாக்கறேன்.